தேர் எங்கே இருக்கிறது?

மிலிந்த பன்ஹா என்னும் பாலி நூலில் ஒரு புகழ்பெற்ற உரையாடல் உண்டு. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் வடமேற்கு இந்தியாவை ஆண்ட யவன அரசன் மெனாண்டர்தான் அதில் வரும் மிலிந்தன். தேரில் வந்திறங்கிய அவனிடம் பிக்கு நாகசேனர் கேட்கிறார்: தேர் எது? அச்சா, சக்கரமா, நுகத்தடியா? எல்லாம் சேர்ந்ததா? இவற்றுக்குப் புறம்பான ஒன்றா? எல்லாவற்றுக்கும் அரசன் இல்லை என்கிறான். அப்படியானால் தேர் என்பது உறுப்புகளைச் சார்ந்து வழங்கும் வெறும் பெயர். நாகசேனன் என்ற ஆளும் அவ்வாறே என்று பிக்கு முடிக்கிறார். இந்த வாதத்தின் அழகில் மயங்காதவர் குறைவு. ஆனால் அரசன் ஓரிடத்தில் அவசரப்பட்டுவிட்டான் என்றே நான் நினைக்கிறேன். ‘எல்லாம் சேர்ந்ததா’ என்ற கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. முற்றத்தில் குவித்துப்போட்ட அச்சும் சக்கரமும் தேர் ஆகா. அச்சில் சக்கரம் கோத்து, நுகம் பூட்டி, ஓடும்படி பொருத்திய அதே உறுப்புகள் தேர்தான். முன்னதை மறுத்த அரசன் பின்னதையும் சேர்த்தே மறுத்துவிட்டான்.

நியாய தரிசனம் இந்த இடத்தில்தான் பௌத்தத்தோடு மல்லுக்கு நின்றது. உறுப்பு அவயவம் என்றால் முழுமை அவயவி. அது உறுப்புகளினின்று வேறான உண்மைப் பொருள் என்பது நியாயவாதிகளின் கட்சி. ஒரு பகுதியைப் பிடித்து இழுத்தால் முழுப்பொருளும் வருகிறதே, அதுவே சான்று என்கிறது நியாய சூத்திரம். புழுதிக் குவியலில் ஒரு பிடியை இழுத்தால் அந்தப் பிடி மட்டுமே வரும். பௌத்தர்களும் சளைக்கவில்லை. முழுமை ஒன்றே என்றால், கை அசையும்போது உடல் முழுவதும் அசைய வேண்டாமா என்று கேட்டார் தருமகீர்த்தி. முழுமை தனிப்பொருளானால், உறுப்புகளின் எடைக்கு மேல் அதற்கென்று தராசில் ஓர் எடை காட்ட வேண்டாமா என்ற கேள்வியும் எழுந்தது. முழுமையை உறுப்புகளோடு ஒட்டவைக்க, நியாயத்தின் தோழமைத் தரிசனத்தாரான வைசேடிகர் கொண்டுவந்த சமவாயம் என்ற உறவையும் சங்கரர் விடவில்லை: அந்த உறவை ஒட்டவைக்க இன்னோர் உறவு, அதற்கு மற்றொன்று என்று முடிவில்லாமல் போகுமே என்றார்.

இந்த மறுப்புகள் வலியவை. என்றாலும் அவை எல்லாம் தாக்குவது ஒரே எண்ணத்தைத்தான்: முழுமை என்பது மற்ற உறுப்புகளின் வரிசையில் எண்ணத்தக்க இன்னோர் உருப்படி என்ற எண்ணத்தை. அதைக் கைவிட்டால் சேர்க்கையின் உண்மை பறிபோவதில்லை. இந்த விவாதங்களோடு தொடர்பில்லாத அரிஸ்டாட்டில் இதைத் தெளிவாகக் கண்டார். எழுத்தொலிகள் சேர்ந்து அசையாகின்றன. அசையைப் பிரித்தால் ஒலிகள் எஞ்சும், அசை எஞ்சாது. அசையை அசையாக்குவது மேலும் ஓர் ஒலியானால் அதையும் சேர்த்துவைக்க வேறொன்று வேண்டும். எனவே அது உறுப்பு வகையைச் சேர்ந்ததே இல்லை என்றார். சங்கரர் காட்டிய முடிவிலிக்கும் இதுவே விடையாகும். தருமகீர்த்திக்கும் இதையே சொல்லலாம்: கை அசைய உடல் நிற்பது, அவை பொருந்தியிருக்கும் முறையாலேயே கூடுகிறது. எடைக் கேள்விக்கோ இயற்பியல் எதிர்பாராத மறுமொழி தருகிறது. இரண்டு புரோட்டான்களும் இரண்டு நியூட்ரான்களும் சேர்ந்த ஹீலியம் அணுக்கருவின் நிறை, அவை தனித்தனியே இருக்கும்போதுள்ள நிறையின் கூட்டுத்தொகையைவிடச் சுமார் 0.75 சதவீதம் குறைவு. பிணைப்பின்போது வெளியேறிய ஆற்றல் அது. கூடுதல் எடை ஏதும் வரவில்லை, உண்மைதான். ஆனால் தராசே மாறும் அளவுக்குச் சேர்க்கை ஒரு மெய்ந்நிகழ்வு. பெயரிடுவதால் எதன் நிறையும் குறையாது.

அப்படியானால் நாகசேனர் காக்க விரும்பிய, நிலையான ‘நான்’ இல்லை என்னும் அனாத்ம தத்துவம் என்னாவது என்று ஒரு பௌத்தர் கேட்கலாம். நியாயமான கவலை அது. ‘நான்’ என்ற பற்றை அறுப்பதற்கே தேர் உவமை வந்தது. ஆயினும் மெய்யாக இருப்பது என்றென்றும் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் எங்கும் இல்லை. பொருத்து கழன்றால் தேர் இல்லாமற்போகும். பூட்டியிருந்த நாளெல்லாம் அது தேராகவே இருந்தது. மனிதரும் இவ்வாறு சார்ந்தும் அழிந்தும் மெய்யாக இருக்கலாம். அந்த நூலிலேயே அரசன் முன்னதாக எழுப்பிய வினா இன்னும் கூர்மையானது: ஆளே இல்லையென்றால் துறவிக்குத் துவராடை தருபவர் யார், உம்மைக் கொன்றால் கொலை எப்படி ஆகும்? தேர் உவமை இதற்கு விடை சொல்லவில்லை. பின்னொரு பகுதியில் நாகசேனர் இரவெல்லாம் எரியும் விளக்கைக் காட்டுகிறார். முதல் யாமத்துச் சுடரும் கடை யாமத்துச் சுடரும் ஒன்றும் அல்ல, வேறும் அல்ல, தொடர்ச்சி என்கிறார். வினைக்குப் பொறுப்பேற்க ஓர் ஆள் தேவைப்பட்டபோது அவர் நாடியது வெறும் பெயரை அன்று, கணங்களுக்கு இடையிலான பிணைப்பை.