625001

சிம்மக்கல் மத்திய நூலகத்துக்குக் கடிதம் எழுதினால் கடைசி வரி 625001. 1972 ஆகஸ்ட் 15 அன்று பின்கோடு முறை நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்து 6 தெற்கைச் சொல்லும். 625 மதுரையைச் சொல்லும். மிச்ச மூன்று இலக்கம் எந்த அஞ்சலகம் என்பதற்கு. தபால் பிரிக்கிறவருக்கு அது போதும். இந்த எண்ணை வகுத்துப் பார் என்று யாரும் கேட்கவில்லை.

*

வகுத்துப் பார்த்தேன். முதல் மூன்று இலக்கத்திலிருந்து கடைசி மூன்றைக் கழித்தால் 624. ஆயிரத்தொன்று 7, 11, 13 ஆகியவற்றின் பெருக்கல் என்பதால், இந்த ஒரே கழித்தலில் மூன்று பகா எண்களையும் சோதித்துவிடலாம். 624ஐ ஏழு வகுக்காது, பதினொன்றும் வகுக்காது, பதின்மூன்று வகுக்கும். பிறகு நெடுந்தூரம் எதுவும் அகப்படவில்லை. 131இல் கதவு திறந்தது.

625001 = 13 × 131 × 367.

மூன்றும் பகா எண்கள், மூன்றும் வேறுவேறு. இப்படிப்பட்டதை ஸ்ஃபீனிக் எண் என்பார்கள். வகு எண்கள் மொத்தம் எட்டே.

*

எண்ணைத் தவிர்த்து மற்ற ஏழு வகு எண்களையும் கூட்டினால் 55063. பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே குறை எண்.

வைகைக்கு அக்கரையில் தல்லாகுளம், 625002. அது 2 × 3 × 7 × 23 × 647. தன்னைத் தவிர்த்த வகு எண்களின் கூட்டல் 867990, எண்ணையே தாண்டிவிடுகிறது. மிகை எண். ஒன்று கூடியதும் சுபாவம் இப்படிப் புரண்டுவிட்டது.

ஏறத்தாழ 1900 ஆண்டுகளுக்கு முன் நிக்கோமாகஸ் என்ற கிரேக்கர் இந்தப் பாகுபாட்டை எழுதிவைத்தார். மிகை எண்ணை உறுப்பு கூடிப்போன பிராணியாகவும், குறை எண்ணை உறுப்பு குறைந்த பிராணியாகவும் பார்த்தார். எனக்கு அது கொஞ்சம் அநியாயமாகப் படுகிறது. பகா எண்கள் எல்லாமே குறை எண்கள்தானே! அவற்றையும் ஊனம் என்பாரா?

அவர் மெச்சியது நிறைவு எண்களை: தன்னைத் தவிர்த்த வகு எண்களின் கூட்டல் எண்ணுக்கே சமமாக வருபவை. அவையோ அபூர்வம். 6, 28, 496, 8128, அதற்கடுத்தது 33550336. ஆறு இலக்கத்தில் ஒன்றுகூடக் கிடையாது. நாட்டில் எந்தத் தெருவுக்கும் நிறைவான பின்கோடு வாய்க்காது.

*

இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக 625001ஐ எழுத முடியாது. 13 மட்டும் என்றால் 4 + 9 என்று பிரிந்துவிடும். 131, 367 இரண்டும் நான்கால் வகுத்தால் மீதி 3 தருபவை, தலைக்கு ஒரு தடவைதான் வருகின்றன; வழி அங்கே அடைபடுகிறது.

மூன்று வர்க்கங்கள் என்றால் உண்டு. எட்டால் வகுக்கையில் மீதி 7 வந்திருந்தால் அதுவும் இல்லை. இதற்கு மீதி 1. 790, 30, 1 இவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் சரியாக வருகிறது. 790, 26, 15 போட்டாலும் வருகிறது. 789 ஒத்துவரவில்லை. 788க்கு 59உம் 24உம் துணை.