சின்னக் கம்பெனி என்று சொன்னது யார்?

“நம்மளது சின்னக் கம்பெனிங்க. அதெல்லாம் பெரிய இடத்துக்கு.”

சென்னை சிந்தாதிரிப்பேட்டையில் மாடிப்படிக்குக் கீழே மேசை போட்டுத் தொழில் நடத்தும் தம்பி முதல், மூன்றாவது மாடியில் பத்துப் பேருக்குச் சம்பளம் கொடுக்கும் தங்கை வரை, இந்த வசனத்தைச் சொல்லாதவர்கள் குறைவு. ஆபீசுக்கு இன்டர்நெட் வழியாக ஒரு நல்ல போன் ஏற்பாடு செய்துகொள்ளக் கூடாதா என்று கேட்டுப் பாருங்கள். கேட்டு முடிப்பதற்குள் வசனம் வந்து விழும்.

தம்பி, அந்த வசனத்தை இன்றோடு தூக்கிப் போடு!

உன் இடம் சின்னது, ஒப்புக்கொள்கிறேன். உன் முதலும் சின்னது. ஆனால் உன் கம்பெனி சின்னது என்று சொன்னது யார்? வாடிக்கையாளரா? கோவையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ கூப்பிடுகிறவருக்கு நீ நூறு சதுர அடியில் உட்கார்ந்திருக்கிறாயா, நூறு ஏக்கரில் உட்கார்ந்திருக்கிறாயா என்பது எப்படித் தெரியும்? அவருக்குத் தெரிவது ஒன்றே ஒன்றுதான். போன் அடித்தது, எடுத்தார்களா, எடுக்கவில்லையா? எடுக்காத அந்த நிமிடத்தில்தான் நீ சின்னவனாகிறாய். அதுவும் நீயாகவே ஆகிறாய்.

தவறிப்போவது அழைப்பு மட்டுமா?

பகல் பன்னிரண்டு மணி. எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் தோளோடு தோள் இடிக்காமல் நடக்க முடியாத நேரம். ஒரு சிசிடிவி கடை. முதலாளியிடம் இரண்டு செல்போன். ஒன்றில் சப்ளையரோடு சண்டை நடக்கிறது. சட்டைப்பையில் இருக்கும் இன்னொன்று அடித்து அடித்து ஓய்கிறது. எதிரே நிற்பவருக்கு டிவிஆர் விலை சொல்ல வேண்டும், பின்னால் நிற்பவருக்கு பில் போட வேண்டும். ஓய்ந்துபோன போனின் மறுமுனையில் இருந்தவர் ஓர் அபார்ட்மென்ட் சங்கச் செயலாளர். அவருக்கு வேண்டியது முப்பத்திரண்டு கேமரா. இரண்டு முறை அடித்துப் பார்த்தார். மூன்றாவது முறை அடித்தது பக்கத்துக் கடைக்கு. ராத்திரி ஷட்டரை இறக்கிவிட்டுத் திரும்பக் கூப்பிட்டால், “வாங்கியாச்சுங்க” என்று ஒரே சொல்லில் பதில் வருகிறது.

இது எங்கோ நடக்கிற கதை என்றா நினைக்கிறாய்? உன் செல்போனை எடு. இன்றைய மிஸ்டு கால்களை எண்ணு. அதில் எத்தனை ஆர்டர் செத்துப்போனது என்று உனக்கே தெரியாது. தெரியாததால்தான் வலிக்கவில்லை!

இன்னொன்றும் இருக்கிறது. உன்னிடம் வேலை பார்த்த பையனின் சொந்த நம்பர்தான் பாதி வாடிக்கையாளர்களிடம் இருக்கும். பையன் வேலையை விட்டான். நம்பர் அவனோடு போனது. நம்பரைப் பிடித்துக்கொண்டு வாடிக்கையாளரும் போனார். இதற்குத் தலையெழுத்தை நொந்து என்ன பயன்? கம்பெனிக்கென்று ஒரு நம்பர் வைக்காதது உன் கையெழுத்து.

கோபப்பட்டவனும் கையைப் பிசையாதவனும்

1880-களில் அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் ஆல்மன் ஸ்ட்ரௌஜர் என்று ஒருவர் இருந்தார். இறந்தவர்களை அடக்கம் செய்து கொடுப்பது அவர் தொழில். அந்தக் காலத்தில் எக்ஸ்சேஞ்சில் இருக்கும் ஆபரேட்டரிடம் யார் வேண்டும் என்று சொன்னால், அவர் ஒயரைச் சொருகி இணைத்துக் கொடுப்பார். தனக்கு வரவேண்டிய அழைப்புகள் போட்டிக்காரருக்குப் போகின்றன என்று ஸ்ட்ரௌஜருக்குச் சந்தேகம். போட்டிக்காரரின் மனைவிதான் அந்த ஆபரேட்டர் என்றுகூடக் கதை சொல்வார்கள். கதை எப்படியோ போகட்டும், அவர் செய்த காரியத்தைப் பார். நடுவில் ஆளே இல்லாமல் இணைப்புக் கொடுக்கும் இயந்திரத்தை யோசித்தார். 1891-ல் காப்புரிமை வாங்கினார். 1892-ல் இண்டியானா மாநிலத்தின் லாபோர்ட் ஊரில் அவருடைய தானியங்கி எக்ஸ்சேஞ்ச் வேலை செய்யத் தொடங்கியது. தவறிப்போன அழைப்பு ஒரு வியாபாரியைக் கண்டுபிடிப்பாளர் ஆக்கியது. உன்னை அது புலம்ப மட்டும்தான் வைக்கிறது!

ஒரு நூற்றாண்டு தள்ளி வா. 1999. அலபாமா மாநிலத்தில் மார்க் ஸ்பென்சர் என்ற கல்லூரி மாணவர், கையில் ஏறத்தாழ 4,000 டாலரோடு, லினக்ஸ் பயன்படுத்துவோருக்கு உதவும் கம்பெனி ஒன்றைத் தொடங்குகிறார். வரும் அழைப்புகளைப் பிரித்துக் கொடுக்க பிபிஎக்ஸ் வேண்டும். விலை விசாரித்தால் முதல் முழுவதையும் கொட்டினாலும் போதாது. “நம்மளது சின்னக் கம்பெனி” என்று கையைப் பிசைந்து உட்காரவில்லை அந்தப் பையன். சாதாரண கம்ப்யூட்டரையே பிபிஎக்ஸ் ஆக்கும் மென்பொருளைத் தானே எழுதினான். ஆஸ்டரிஸ்க் என்பது அதன் பெயர். எழுதியதைப் பூட்டி வைக்கவில்லை. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டான். இன்றும் அது இலவசம். ரிச்சி தெருவில் வாங்கக்கூடிய, உள்ளங்கையில் அடங்கும் ராஸ்பெர்ரி பை கம்ப்யூட்டரிலேயே அது ஓடும். பணம் இல்லாத ஒருவன் செய்து கொடுத்த கருவியைப் பணம் இல்லை என்று சொல்லி ஒதுக்குகிறாயே, நியாயமா?

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை

பயப்படுவதற்கு முன் புரிந்துகொள். நீ பேசும் குரலை எண்களாக மாற்றி, வழக்கமாக 20 மில்லிசெகண்டுக்கு ஒரு துண்டாக நறுக்குகிறது கருவி. நொடிக்கு 50 துண்டு. ஒவ்வொன்றும் முகவரியைத் தாங்கிக்கொண்டு இன்டர்நெட்டில் போகிறது. மறுமுனையில் வரிசையாகச் சேர்ந்து மறுபடியும் குரலாகிறது. அவ்வளவுதான் விஷயம். நல்ல தரத்தில் ஓர் அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும் ஏறத்தாழ 90 கிலோபிட் வேகம் போதும். பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் ஒரு மெகாபிட்டைத் தொடாது. உன் கடைப் பையன் மதியம் பார்க்கும் ஒரு ஹெச்.டி. வீடியோ அதைவிட அதிகம் இழுக்கும்!

ஆபீசுக்குள் அழைப்பைப் பிரித்துக் கொடுத்த பழைய இபிஏபிஎக்ஸ் என்றால் சுவரில் ஒரு பெட்டி, மேசைக்கு மேசை ஒயர், மேசையை நகர்த்தினால் ஒயர்மேன். இப்போது பெட்டி வேலையைத் தூரத்து சர்வர் செய்கிறது. உனக்குக் கிடைப்பது என்ன? கம்பெனிக்கு ஒரே நம்பர். கூப்பிட்டதும் வணக்கம் சொல்லி, “விற்பனைக்கு ஒன்று, சர்வீசுக்கு இரண்டு” என்று கேட்கும் குரல். ஒருவர் பேசிக்கொண்டிருந்தால் அடுத்தவருக்குத் தாவும் அழைப்பு. சர்வீசுக்காக அண்ணா நகர் போயிருக்கும் பையனின் செல்போனில் உள்ள ஆப்பிலும் அதே எக்ஸ்டென்ஷன் அடிக்கும். சாயந்தரம் யார் கூப்பிட்டார், யார் எடுத்தார், எது தவறியது என்ற பட்டியல் உன் மேசையில் இருக்கும். ஆள் வேலையை விட்டாலும் எக்ஸ்டென்ஷன் அடுத்த ஆளுக்கு, நம்பர் கம்பெனிக்கு. மழையில் கடைக்குள் தண்ணீர் வந்து நீ வீட்டிலேயே முடங்கினாலும் கம்பெனி நம்பர் உன் கையில் அடிக்கும். கூவம் சுற்றி ஓடும் பேட்டையில் இருப்பவனுக்கு இதன் அருமையைச் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

புதுமை உன் ஊருக்குப் புதிதா?

நீ எந்த மண்ணில் நிற்கிறாய் என்று ஒரு முறை நினைத்துப் பார். 1734-ல் கிழக்கிந்தியக் கம்பெனி நெசவாளர்களைக் குடிவைத்த இடம் இது. சின்னத் தறிகளில் நெய்த துணிதான் கப்பலேறிக் கடல் கடந்தது. 1837-ல் செங்குன்றத்திலிருந்து கல் கொண்டுவர இரும்புப் பாதை போட்டார்களே, அது வந்து முடிந்த இடம் எது தெரியுமா? சிந்தாதிரிப்பேட்டைப் பாலம்! பம்பாயில் பயணிகள் ரயில் ஓடியது 1853-ல். அதற்குப் பதினாறு ஆண்டு முன்பே உன் பேட்டைக்குத் தண்டவாளம் வந்துவிட்டது. 1882-ல் இந்தியாவின் முதல் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகள் திறக்கப்பட்டபோது கல்கத்தா, பம்பாயோடு சென்னையும் இருந்தது.

டெலிபோனுக்கு எழுதிப் போட்டுவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த தலைமுறை உன் அப்பாவுடையது. பெருந்தொகை கட்டி ‘ஓன் யுவர் டெலிபோன்’ என்ற ஓ.ஒய்.டி. திட்டத்தில் சேர்ந்தாலும் வரிசைதான். அந்தக் காத்திருப்பை உடைக்கக் கிண்டியில் சிலர் கிளம்பினார்கள். சென்னை ஐஐடி-யில் அசோக் ஜுன்ஜுன்வாலா, பாஸ்கர் ராமமூர்த்தி முதலிய பேராசிரியர்கள் 1990-களில் கார்டெக்ட் என்ற தொழில்நுட்பத்தை உருவாக்கினார்கள். இணைப்புக்கு ஆகும் செலவைக் குறைத்தால்தான் போன் சாமானியனுக்குக் கிடைக்கும் என்பது அவர்கள் கணக்கு. கம்பி இழுக்காமலே ஒரே இணைப்பில் பேச்சும் இன்டர்நெட்டும் கொடுத்துக் காட்டினார்கள்.

அடுத்த தலைமுறையையும் பார். இன்று சென்னையின் பெரிய மென்பொருள் நிறுவனமான ஜோஹோ 1996-ல் தொடங்கியது. 2010-ல் சென்னையில் கிரீஷ் மாத்ருபூதம் தன் நண்பரோடு சேர்ந்து தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ், 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் ஏறியது. இரண்டு நிறுவனங்களும் ஆபீசுகளுக்கான இன்டர்நெட் போன் மென்பொருளை உலகத்துக்கே விற்றவை. உன் ஊர்க்காரர்கள் செய்து அனுப்பியதை எங்கோ இருக்கும் கடைக்காரர் தைரியமாக வாங்கி வைத்துப் பேசுகிறார். நீ அவர்களின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, பெரிய இடத்துக்கு என்கிறாய்!

சாக்குகளை வரிசையில் நிறுத்து

“சட்டம் விடுமா?” விடும். இந்தியாவில் இன்டர்நெட் டெலிபோனி 2002 ஏப்ரலில் கட்டுப்பாடுகளோடு தொடங்கியது. 2018-ல் வழி இன்னும் திறந்தது. அந்த ஆண்டே பிஎஸ்என்எல் ‘விங்ஸ்’ என்ற பெயரில் ஆண்டுக்கு 1,099 ரூபாய்க்கு இன்டர்நெட் நம்பர் கொடுக்க ஆரம்பித்தது. கால் சென்டர்களுக்கு இருந்த விதிகளும் 2020, 2021-ல் தளர்ந்தன. ஒன்றை மட்டும் மறக்காதே. உரிமம் பெற்ற நிறுவனத்திடம் வாங்கு. பல சிம் கார்டுகளைச் சொருகிய சிம் பெட்டி வைத்துக் குறுக்குவழியில் மலிவாகத் தருகிறேன் என்று வருகிறவனை வாசலோடு அனுப்பு.

“கரண்ட் போனால்?” நல்ல கேள்வி. பழைய லேண்ட்லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வந்தது, இதற்கு வராது. மோடத்துக்கும் ரவுட்டருக்கும் ஒரு சின்ன யுபிஎஸ் வை. “நெட் போனால்?” அழைப்பு தானாகச் செல்போனுக்குப் போகும்படி முன்கூட்டியே அமைத்துவிடு.

“குரல் விட்டுவிட்டு வருமாமே?” வரும், அஜாக்கிரதையாக இருந்தால். போனை வைஃபையில் தொங்கவிடாமல் ஒயரில் இணை. ரவுட்டரில் குரலுக்கு முன்னுரிமை கொடுக்கச் சொல். ஒரு பக்கக் குரல் மறுபக்கம் போய்ச் சேர 150 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் காதுக்கு வித்தியாசமே தெரியாது. கருவியோடு வந்த பாஸ்வேர்டை அன்றே மாற்று. தேவையில்லை என்றால் ஐ.எஸ்.டி.-யைப் பூட்டி வை. இல்லாவிட்டால் எவனோ உன் கணக்கில் வெளிநாட்டுக்குப் பேசிவிட்டுப் போவான்.

“எனக்கு இதெல்லாம் தெரியாதே?” இதுதான் கடைசிச் சாக்கு, இதுதான் மோசமான சாக்கு. ஜிஎஸ்டி உனக்குத் தெரிந்தா பிறந்தாய்? யுபிஐ தெரிந்தா வளர்ந்தாய்? தேவை வந்தது, கற்றுக்கொண்டாய். சாலிடரிங் புகையில் நின்று மதர்போர்டு சரிசெய்யும் பையன்கள் உன் தெருவில் இருக்கிறார்கள். கேள்! கேட்பதற்கு வெட்கப்படுகிறவன்தான் வியாபாரத்தில் உண்மையில் ஏழை.

கருவி வரும், குரல் உன்னுடையது

ஒன்றைச் சொல்லாவிட்டால் நான் உனக்குத் துரோகம் செய்தவன் ஆவேன். உலகத்திலேயே உயர்ந்த போன் ஏற்பாட்டை வாங்கி வைத்துவிட்டு, “யாருங்க? என்ன வேணும்?” என்று வள்ளென்று விழுந்தால் ஒரு ரூபாய்க்குப் பிரயோஜனம் இல்லை. ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து, ஏழை அழுத்து என்று வாடிக்கையாளரைச் சுற்றவிட்டால் அவர் சிவப்புப் பொத்தானைத்தான் அழுத்துவார்.

மூன்றாவது மணிக்குள் எடு. கம்பெனி பெயரைச் சொல், உன் பெயரைச் சொல். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, எத்தனை மணிக்குத் திரும்பக் கூப்பிடுவாய் என்று சொல். சொன்ன மணிக்குக் கூப்பிடு. இந்த ஒழுக்கத்தை எந்த சர்வரும் வாடகைக்குத் தராது.

இனி உனக்கு ஒரு வாரம் தருகிறேன். தவறிய ஒவ்வோர் அழைப்பையும் நோட்டில் எழுது. வாரக் கடைசியில் கூட்டிப் பார். அதுதான் உன் பயத்துக்கு நீ கட்டும் வட்டி. உரிமம் உள்ள இரண்டு நிறுவனங்களைக் கூப்பிட்டு விலை கேள், சோதித்துப் பார்க்கத் தருவார்களா என்று கேள். மூன்று எக்ஸ்டென்ஷனோடு ஆரம்பி. வளர வளரச் சேர்த்துக்கொள்.

தம்பி, தங்கையே! கூப்பிட்டவருக்குப் பதில் சொல்லும் கம்பெனிதான் பெரிய கம்பெனி. உன் தொழிலை நீயே சின்னது என்று சொல்லும்வரை ஊரும் அப்படித்தான் சொல்லும். முதலில் நீ நிறுத்து!