கண்ணின் ஓட்டமும் கண்ணோட்டமும்

'என் கண்ணோட்டத்தில் இது தவறு' என்று இன்று நாம் பேசுகிறோம். கண்ணோட்டம் என்றால் கருத்து, நோக்குநிலை என்பதே இக்காலப் பொருள். திருவள்ளுவர் இச்சொல்லை வேறு பொருளில் ஆண்டார். பொருட்பாலின் 58ஆம் அதிகாரத்துக்கு அவர் இட்ட பெயர் கண்ணோட்டம். பிறர்மீது கண் ஓடிய அளவில் உள்ளம் இளகுவதையே அவர் அச்சொல்லால் குறித்தார். இரக்கம் ஓடாத கண்ணைக் கண் என்று ஏற்க அவர் மறுக்கிறார். அதை முகத்தில் அமைந்த புண்ணாகவே எண்ணுகிறார். இதற்கு அடுத்த அதிகாரம் ஒற்றாடல். அங்கே ஒற்றரையும் அரசனுக்குக் கண் என்றே கூறுகிறார். ஒரு கண் இரங்குகிறது. மற்றொரு கண் வேவு பார்க்கிறது. இவ்விரண்டும் திருக்குறளில் அடுத்தடுத்த அறைகளில் குடியிருப்பது சிந்திக்கத் தக்கது.

நம் காலத்தில் மனிதக் கண்ணின் ஓட்டத்தையே அளக்கும் நுட்பம் வளர்ந்திருக்கிறது. ஒருவர் எங்கே பார்க்கிறார், எவ்வளவு நேரம் பார்க்கிறார், எதைத் தாண்டிச் செல்கிறார், எதற்குத் திரும்பி வருகிறார் என்பதை ஒரு சிறு கருவி எழுதி வைத்துவிடுகிறது. ஒருவரின் பார்வையை அறிந்துகொண்டால் அவரையே அறிந்ததாகுமா? பார்வையை வைத்து ஒருவருக்குத் தீர்ப்பு வழங்கலாமா? இவ்வினாக்கள் அறிவியலாருக்கு மட்டும் உரியவை அல்ல. ஆன்மாக்களின் பொறுப்பை ஏற்றவர்களும் இவற்றை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அளந்தவர்கள்

நூலை வாசிக்கும்போது நம் கண் வரிமீது சீராக வழுக்கிச் செல்வதாக நாம் நினைக்கிறோம். அது உண்மையன்று. கண் தாவித் தாவியே செல்கிறது; தாவல்களுக்கிடையே சிறிது நேரம் நிற்கிறது. 1879ஆம் ஆண்டையொட்டி இதனை உலகறியச் செய்தவர்களுள் ஒருவர் பாரிசு நகரத்துக் கண் மருத்துவர் லூயி எமில் ஜவால். கண்ணின் தாவலைக் குறித்து எழுதிய அம்மருத்துவரே கண்ணழுத்த நோயால் 1900இல் பார்வையை முற்றிலும் இழந்தார். ஆயினும் அவர் சோர்ந்துவிடவில்லை. புதிதாகப் பார்வையிழந்தோருக்கு அறிவுரையாக 1903இல் ஒரு நூல் எழுதினார். பிறர் கண்களை ஆய்ந்தவர், கண் இல்லாமல் வாழும் வழியைப் பிறருக்குக் கற்பித்தார்.

1898இல் அமெரிக்கரான எட்மண்ட் ஹியூய், நடுவே துளையிட்ட சிறு சாந்துக் கிண்ணத்தை மரத்துப்போகச் செய்த கண்மீது பொருத்தி, அதனோடு அலுமினிய முள்ளொன்றை இணைத்துக் கண்ணின் அசைவைப் பதிவு செய்தார். 1901இல் டாட்ஜ், கிளைன் என்னும் இருவர் கண்ணைத் தொடாமலே, விழியில் பட்டுத் திரும்பும் ஒளியைப் புகைப்படத் தகட்டில் பிடித்தார்கள். இன்றைய கருவிகள் பலவற்றுக்கு அதுவே வித்து.

அவற்றுள் பலவும் இயங்கும் முறை இதுவே. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைக் கருவி நம் முகத்தின்மேல் வீசுகிறது. விழியின் முன்புறத்தில் கண்ணாடிபோல் உள்ள படலத்தில் அவ்வொளி ஒரு புள்ளியாக மின்னுகிறது. விழி சுழலும்போது கண்மணி இடம் பெயர்கிறது. மின்னும் புள்ளி அவ்வளவாகப் பெயர்வதில்லை. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள தொலைவையும் திசையையும் கொண்டு பார்வையின் திசை கணிக்கப்படுகிறது. ஆயினும் எல்லார் கண்களும் ஒரே அமைப்பு உடையவை அல்ல. விழியின் நடு அச்சும், நாம் உண்மையில் பார்க்கும் கோடும் ஏறத்தாழ 5 பாகை விலகியிருக்கின்றன. அவ்விலகல் ஆளுக்கு ஆள் மாறுகிறது. எனவே முதலில் திரையில் ஐந்து அல்லது ஒன்பது புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கச் செய்து, கருவியை அந்த ஒருவருக்கெனப் பழக்குகிறார்கள். நல்ல கருவியில் பிழை அரைப் பாகை முதல் ஒரு பாகை வரையே. 2016இல் அமெரிக்க ஆய்வாளர்கள் 1,450க்கும் மேற்பட்டோரின் கண் படங்களைத் திரட்டி, சாதாரணக் கைப்பேசியின் படக்கருவி கொண்டே, தனியே பழக்காமல், ஏறத்தாழ 2 செ.மீ. பிழைக்குள் பார்வையைக் கணிக்க முடியும் என்று காட்டினார்கள்.

இங்கு ஒரு நுண்ணிய செய்தி உண்டு. கண்மணிக்குத் தமிழில் பாவை என்றும் பெயர். குருமடத்தில் நாங்கள் கற்ற இலத்தீனிலும் அதற்குச் 'சிறு பாவை' என்னும் பொருளுள்ள 'புப்பில்லா' என்பதே பெயர். மற்றவரின் கண்ணை அருகில் நின்று நோக்குபவர் அதனுள் தம் உருவத்தையே ஒரு சிறு பொம்மையாகக் காண்கிறார். தொலைவிலிருக்கும் இரு மொழிகளும் ஒன்றாகக் கண்டுகொண்ட உண்மை இது. கருவியோ நம் கண்ணுக்குள் தன் விளக்கின் ஒளியை மட்டுமே காண்கிறது.

விலகிய பார்வை

2021இல் எங்கள் பங்கைச் சேர்ந்த மாணவி ஒருத்தி கல்லூரித் தேர்வை வீட்டிலிருந்தே கணினிவழி எழுதினாள். பெருந்தொற்றுக் காலம் அது. படக்கருவி அவள் முகத்தையும் பார்வையையும் கண்காணித்தது. தேர்வு முடிந்ததும், அவளது பார்வை திரையைவிட்டுப் பலமுறை விலகியது என்ற அறிக்கையைக் காட்டி, முடிவை நிறுத்தி வைத்தார்கள். அழுதுகொண்டு என்னிடம் வந்தாள். ஒரே அறையுள்ள வீடு. எதிர்ச்சுவரோரம் படுக்கையில் பாட்டி, மூச்சுத் திணறல். "பாட்டியைத்தான் பார்த்தேன் ஃபாதர். அவங்களைப் பார்க்காம எப்படி எழுத முடியும்?" என்று கேட்டாள். விளக்கம் எழுதி அனுப்பினோம். சில வாரங்களில் மதிப்பெண் வந்தது. மன்னிப்பு வரவில்லை.

கருவி பிழையாக அளக்கவில்லை. அவள் கண் விலகியது உண்மையே. அந்த விலகலுக்கு வள்ளுவர் இட்ட பெயர் கண்ணோட்டம். கருவியை நம்பியவர்கள் இட்ட பெயர் களவு.

சோவியத் நாட்டு ஆய்வாளர் ஆல்ஃபிரட் யார்பஸ் செய்த சோதனை புகழ்பெற்றது. அவரது நூல் 1965இல் ருசிய மொழியிலும் 1967இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. நாடுகடத்தப்பட்ட ஒருவர் எதிர்பாராமல் வீடு திரும்பும் காட்சியைத் தீட்டிய இலியா ரேப்பினின் ஓவியத்தை அவர் ஒருவரிடம் காட்டினார். முதலில் விருப்பம்போல் பார்க்கச் சொன்னார். பிறகு அக்குடும்பத்தின் செல்வநிலை என்ன, ஒவ்வொருவருக்கும் வயது என்ன, வந்தவர் எவ்வளவு காலம் பிரிந்திருந்தார் என்று ஒவ்வொரு முறையும் வெவ்வேறு வினாவை முன்வைத்தார். ஓவியம் ஒன்றே, காண்பவரும் ஒருவரே. ஆனால் வினாவுக்கு ஏற்பக் கண் நடந்த வழி மாறியது. வயதைக் கேட்டபோது கண் முகங்களைத் தேடியது. செல்வத்தைக் கேட்டபோது அறைப்பொருள்களையும் உடைகளையும் தேடியது. பார்வையின் பாதையை வகுப்பது உள்ளத்தில் இருக்கும் வினா. அந்த வினாவை அறியாதவர் பாதையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு என்ன தீர்ப்புச் சொல்வார்?

மூன்று படிகள்

'பார்வையிலும் பாவம் உண்டு என்று ஆண்டவரே மலைப்பொழிவில் கற்பித்தாரே? குருமடத்தில் கண்ணடக்கம் பயிலவில்லையா?' என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆண்டவர் கண்டித்தது இச்சையோடு நோக்குவதை. கண் படுவதை அன்று. புனித அகுஸ்தீனார் மலைப்பொழிவுக்கு எழுதிய விளக்கத்தில் பாவத்துக்கு மூன்று படிகளைக் கூறுகிறார்: தூண்டுதல், இன்புறுதல், இசைதல். மூன்றாம் படியில்தான் பாவம் நிறைவுறுகிறது. கண்ணின் தாவலோ முதற்படிக்கும் முன்னே நிற்பது. நம் கண் நொடிக்கு ஏறத்தாழ மூன்று முறை தாவுகிறது. பதினாறு மணி நேரம் விழித்திருப்பவரின் கண் ஒரு நாளில் ஒன்றரை இலட்சம் முறைக்கு மேல் தாவுகிறது. இவற்றுள் எத்தனையை நாம் அறிந்து, இசைந்து செய்கிறோம்?

'கருவி முதற்பார்வையை மட்டுமா அளக்கிறது? மீண்டும் மீண்டும் திரும்பும் பார்வையையும் எண்ணுகிறதே' என்றும் கேட்கலாம். எண்ணுகிறது, மறுக்கவில்லை. ஆனால் உறங்கும் குழந்தையின் மார்பு ஏறி இறங்குவதைத் தாயும் மீண்டும் மீண்டும் பார்க்கிறாள். புண்ணை மருத்துவரும் நெடுநேரம் நோக்குகிறார். மறுபுறம், கண்ணை ஓரிடத்தில் நிறுத்திக்கொண்டே கவனத்தை வேறிடத்தில் செலுத்த மனிதரால் இயலும் என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே செருமானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் காட்டிவிட்டார். எனவே தாழ்ந்த கண்ணுக்குப் பின்னாலும் பாவம் ஒளிந்திருக்கலாம். நிமிர்ந்த கண்ணுக்குப் பின்னாலும் தூய்மை குடியிருக்கலாம். பீடத்தில் கண்களைத் தாழ்த்தி நிற்கும் என் போன்றோர் இதை முதலில் தமக்கே சொல்லிக்கொள்ள வேண்டும்.

ஆயினும் இந்நுட்பத்தில் நான் அஞ்சுவது வேறொன்று. இசைவை அறிய முடியாத கருவி, தூண்டுதலை நன்றாக அறிகிறது. எந்த நிறத்தில், எந்த மூலையில், யாருடைய முகத்தை வைத்தால் கண் தாவும் என்பதை வணிகர் அளந்து அறிகிறார்கள். அறிவு விழிக்கும் முன்பே கண்ணைப் பிடித்துவிடும்படி விளம்பரங்களும் திரைகளும் அமைக்கப்படுகின்றன. சோதனைக்காரனின் வேலையும் இதுவே: இசைவு வரை காத்திராமல், முதல் அசைவிலேயே மனிதரைக் கட்டி இழுப்பது. தன் கண் அளக்கப்படுவதை அறியாத ஒருவர் எதற்கு இசைந்தார் என்று நாம் சொல்ல முடியும்?

ஒரு முதல் வெள்ளி

இந்நுட்பத்தை நான் பழிக்கவில்லை. ஓட்டுநரின் பார்வை சாலையைவிட்டு நெடுநேரம் விலகினால் எச்சரிக்கும் கருவியை, புதிதாக ஒப்புதல் பெறும் வாகன வகைகளில் ஐரோப்பிய ஒன்றியம் 2024 ஜூலை முதல் கட்டாயமாக்கியது. அதனால் உயிர்கள் காக்கப்படும். கைகால் வழங்காதோர் கண்ணாலேயே எழுத்துகளைத் தெரிந்து சொற்களைக் கோக்க முடிகிறது. இதை நான் நேரிலே கண்டேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், நரம்புத் தளர்ச்சி முற்றி, உடலில் கண்களைத் தவிர எதையும் அசைக்க முடியாதவராய்க் கிடந்தார். மகன் அவருக்கு அக்கருவியை வாங்கித் தந்திருந்தார். மாதந்தோறும் முதல் வெள்ளியில் நற்கருணையின் மிகச் சிறு துகளை நீரோடு அவருக்குக் கொடுத்து வருவேன். ஒருமுறை செபம் முடிந்தபின் அவர் எதையோ எழுதத் தொடங்கினார். ஒவ்வோர் எழுத்தாகத் திரையில் ஏறிற்று. இன்னும் நான்கு நோயாளர் காத்திருந்தனர். என் கண் என்னை அறியாமல் சுவர்க் கடிகாரத்துக்குச் சென்று மீண்டது. அவ்வளவுதான். அவர் எழுதியிருந்ததை எல்லாம் அழித்துவிட்டு, மெல்ல மெல்ல வேறொன்று எழுதினார்: 'நேரமாகிறது சாமி. போய் வாருங்கள்.'

என் கண்ணை அளந்தவர் அவரே. நான் இசைந்து செய்த பார்வை அன்று என்று அகுஸ்தீனாரைத் துணைக்கு அழைத்துத் தப்பித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. பாவம் இல்லாமலும் ஒருவரைப் புண்படுத்த முடியும் என்பதை அன்று கற்றேன். அடுத்த வாரம் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டுச் சென்று மன்னிப்புக் கேட்டேன். அவர் கண்களை ஒருமுறை மூடித் திறந்தார். அதுவே அவருடைய 'ஆம்'. அழித்த சொற்களை நான் கேட்கவில்லை. அவரும் மீண்டும் எழுதவில்லை.

ஆனால் ஒரு வேறுபாட்டை நான் மறக்கக் கூடாது. அந்த ஆசிரியர் என் பார்வையைக் கண்டதும் அதை அறிக்கையாக்கவில்லை. என் அவசரத்துக்கு இரங்கித் தம் பேச்சைத் துறந்தார். கண்ணின் ஓட்டத்தை அறிந்தவரிடம் கண்ணோட்டமும் இருந்தது.

ஒப்புரவு அருட்சாதனத்தை நிறைவேற்றும் இடத்தில், விரும்புவோர் பயன்படுத்தும்படி நிலையான தட்டி அமைந்திருக்க வேண்டும் என்கிறது 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு. ஒருவர் தம் உள்ளத்தையே திறக்கும் வேளையில், அவர் கண்ணைப் பார்க்காமலிருக்கும் உரிமையைத் திருச்சபை மதிக்கிறது. எல்லாவற்றையும் கேட்கத் தகுந்தவரும் எல்லாவற்றையும் பார்க்கத் தேவையில்லை. கண்ணை அளக்கும் கருவிகளைச் செய்வோரும் வாங்குவோரும் இத்தட்டியின் முன் சற்று நின்று சிந்திப்பது நல்லது. எங்கே பார்க்கலாம் என்பதோடு, எங்கே பார்க்காமலிருக்க வேண்டும் என்பதும் அறிவின் பகுதியே.

தலைமைக் குருவின் வீட்டு முற்றத்தில் பேதுரு மறுதலித்த பிறகு, ஆண்டவர் திரும்பி அவரை நோக்கினார் என்று லூக்கா எழுதுகிறார். அப்பார்வை எவ்வளவு நேரம் நிலைத்தது என்று அவர் எழுதவில்லை. ஒரு சொல்லும் அங்கே பேசப்படவில்லை. பேதுரு வெளியே போய் அழுதார். அவரைப் பற்றி முழுவதும் அறிந்த ஒரே பார்வை அதுவே. அது அவரைக் குற்றவாளியாக எழுதி வைக்காமல் மனந்திரும்பியவராக ஆக்கிற்று. நம் வீட்டிலும் பள்ளியிலும் ஆலயத்திலும் ஒருவரது முகத்தை நாம் நோக்கும் ஒவ்வொரு வேளையும், வள்ளுவர் அடுத்தடுத்து வைத்த இரண்டு அறைகளுள் எதில் நிற்கிறோம் என்று நம்மையே கேட்டுக்கொள்வோம்.