மணிக்கட்டுக்கு வராதவை

அந்த இரண்டு எண்களும் மனதைவிட்டுப் போக மறுக்கின்றன. வழக்கமான பரிசோதனைதான். ஒரு நர்ஸ் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். மூத்த நர்ஸ் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து இருவரும் ஒன்றாகத் தொடங்கி, ஒரு முழு நிமிடம் எண்ணினார்கள். நெஞ்சில் 104. கையில் 86. மூத்தவர் இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, கழித்து, 18 என்று போட்டு அடியில் கோடு இழுத்தார். "ரெண்டுமே சரிதாங்க" என்றார். அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

காரணத்தை டாக்டர் விளக்கினார். என் மைட்ரல் வால்வு முழுக்க மூடுவதில்லை. ஒவ்வொரு துடிப்பிலும் உடம்புக்குப் போகவேண்டிய ரத்தத்தில் ஒரு பங்கு இடது மேலறைக்கே திரும்பிவிடுகிறது. அந்தச் சுமையை வருஷக்கணக்கில் தாங்கி மேலறை பெருத்துப்போய், இப்போது சீராகச் சுருங்காமல் நடுங்குகிறது. அங்கிருந்து தாறுமாறாகக் கிளம்பும் மின் அலைகளில் சில மட்டும் கீழறைக்கு வருகின்றன, அதுவும் நேரங்கெட்ட நேரத்தில். முந்திக்கொண்டு வரும் துடிப்பின்போது கீழறை நிறைந்திருக்காது. இதயம் சுருங்கத்தான் செய்யும். தள்ளுவதற்கு ரத்தம் போதாது. அந்த அலை மணிக்கட்டை எட்டாது.

ஆக, நிமிஷத்துக்குப் பதினெட்டு முறை என் இதயம் உழைக்கிறது, கைக்கு ஒன்றும் வந்து சேரவில்லை. அவை எந்தக் கணக்கில் சேரும்?

சிறு வயதில் எனக்குத் தொண்டை வலி வந்தது. அது ஆறிய சில வாரங்களில் முழங்கால் வீங்கியது. அது வடிவதற்குள் கணுக்கால், பிறகு முழங்கை. தொண்டைக் கிருமியோடு மல்லுக்கட்டக் கிளம்பிய உடம்பு, தன் இதய வால்வையே எதிரி என்று தாக்கிவிடும் வாதக் காய்ச்சல் அது என்பதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அப்போது தெரிந்ததெல்லாம் 21 நாளுக்கு ஒரு பெனிசிலின் ஊசி. அம்மா தினசரிக் காலண்டரில் நாள் எண்ணி, அந்தத் தாளின் மூலையை மடித்து வைத்திருப்பாள். கம்பவுண்டர் குப்பியைக் குலுக்கக் குலுக்க வெள்ளைப் பொடி பால்போல் ஆகும். கெட்டியான மருந்து, பாதியில் ஊசி அடைத்துக்கொள்ளும். வேறு ஊசி மாற்றி மறுபடி குத்துவார். திரும்பும் பஸ்ஸில் ஒரு பக்கமாகச் சாய்ந்து அம்மா மடியில் கிடப்பேன். ராத்திரி, நான் தூங்கிவிட்டதாக நினைத்து நெஞ்சில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள். அது எனக்குப் பிடிக்காது. மூச்சை அடக்கிக்கொள்வேன்.

அந்த ஊசிகள் காய்ச்சல் திரும்ப வராமல் தடுப்பதற்கு. கெட்டுப்போன வால்வை அவை சரிசெய்யாது. அவ்வளவு பஸ், அவ்வளவு காத்திருப்புக்குப் பிறகும் வால்வு ஒழுகத்தான் செய்கிறது. ஆனால் அவள் ஒரு தாளை மடிக்க மறந்திருந்தால் இன்று எப்படி இருந்திருப்பேன், இருந்திருப்பேனா என்பதை எந்த எக்கோ பரிசோதனையும் காட்டாது. வராமல்போன காய்ச்சலை யார் எண்ணுவது? 18 என்ற எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அம்மாதான் நினைவுக்கு வருகிறாள். இது சரியான பொருத்தம்தானா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வருகிறாள்.

எப்போதோ படித்தது ஒன்றும் கூடவே வருகிறது. பைசா நகரத்துத் தேவாலயத்தில் ஆடிய விளக்கை கலிலியோ தன் நாடியைப் பிடித்துக்கொண்டே அளந்தார் என்ற கதை. நடந்ததோ இல்லையோ, சிறுவயதில் அதை அப்படியே நம்பினேன். பின்னால் சான்டோரியோ என்ற இத்தாலிய மருத்துவர் அதைத் திருப்பிப்போட்டு, ஊசலைக் கொண்டு நோயாளியின் நாடியை அளந்திருக்கிறார். முதல் கதையில் நாடிதான் கடிகாரம். உலகத்தையே அளக்கலாம் என்ற அளவுக்கு ஒருவர் தன் துடிப்பை நம்பியிருக்க முடிந்தது. அந்த நம்பிக்கையை நினைத்தால் எனக்கு ஏக்கமாக இருக்கிறது.

நடுங்கும் மேலறையில் ரத்தம் தேங்கி உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போய்விடக்கூடும். அதற்குத்தான் வார்ஃபரின். ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். எண் 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்க வேண்டும். மருந்தின் வேலையைக் குறைக்கக்கூடிய முருங்கைக்கீரையைக்கூட விலக்க வேண்டியதில்லை, வாரத்துக்கு வாரம் அளவு மாறாமல் இருந்தால் போதும் என்றார்கள். இதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது கைதான். பேசிக்கொண்டிருக்கும்போதே வலது கை இடது மணிக்கட்டுக்குப் போய்விடுகிறது. அக்கா பார்த்துவிட்டால், "விடு, அது பாட்டுக்கு அடிக்கட்டும்" என்கிறாள். தலைசுற்றலோ மூச்சுத்திணறலோ வந்தால் உடனே வாருங்கள், மற்ற நேரத்தில் ஓயாமல் பார்க்க வேண்டாம் என்கிறார் டாக்டர்.

இருவரும் சொல்வது நியாயம்தான். என் விரலுக்குத் தெரிவதோ வந்து சேர்ந்த துடிப்புகள் மட்டும். வராதவற்றைத் தேடித்தான் கை போகிறது போலும். இதற்குப் பெயர் கவனமா, பயமா? அம்மா கை வைத்துப் பார்த்ததும் இதுதானா? காலையில் ஒரு முறை மட்டும் பார்ப்பது என்று இப்போதைக்கு வைத்திருக்கிறேன். அது தைரியத்தால் வந்த முடிவா, வெறும் அலுப்பா என்று எனக்கே பிடிபடவில்லை.