கரையேறிய படகு



அர்ச். லூக்காஸ் எழுதிய சுவிசேஷத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் ஒரு சிறு விஷயத்தை நாம் கவனியாமலே வாசித்துக் கடந்துபோகிறோம். ஏராளமான மீன் அகப்பட்ட அந்தக் காலையில், ஆண்டவர் ஏரிக்கரைக்கு வந்தபோது, செம்படவர் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? வலைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். இராமுழுதும் பாடுபட்டும் ஒரு மீனும் விழாத வலைகள் அவை! வெறுங்கையோடு கரையேறினவன் வலையை ஒரு மூலையில் எறிந்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டால் அவனை யார் குறைசொல்வார்கள்? ஆயினும் கழுவினார்கள். சற்று நேரத்துக்கெல்லாம் மறுபடியும் வலைபோடும்படி இராயப்பருக்குக் கட்டளை பிறந்தது. கழுவிய வலையே அன்று கிழியத் தொடங்கிற்று என்றால், சேறும் பாசியும் அப்பிய வலை என்னவாகியிருக்கும்?

இதை இந்த வாரம் எழுதக் காரணம், கோயிலுக்குப் பின்னால் சாமான் அறையில் இருக்கிற நம் பங்கின் ரப்பர்ப் படகுதான்.

மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம். மூடிய சில நாளில் அம்மாமண்டபத்துப் படித்துறைக்கு எதிரே மணல் தெரிய ஆரம்பிக்கும். மேல்நாட்டார் குளிர்காலத்தில் ஏரி உறையுமுன் படகைக் கட்டி வைப்பார்கள். நமக்கோ கோடைதான் படகு தூங்குகிற காலம். ஆனால் முக்கொம்பில் பிரிகிற இரண்டு ஆறுகளுக்கு நடுவே ஸ்ரீரங்கம் ஒரு தீவு என்பதைக் காய்ந்த மணலைப் பார்க்கிறபோது மறந்துவிடுகிறோம். 1977 நவம்பரையும் 2005 நவம்பரையும் பெரியவர்கள் சொல்லுவார்கள். 2018 ஆகஸ்டில் 1928-ம் வருஷத்துப் பழைய கொள்ளிடப் பாலத்தின் தூண்கள் சரிந்ததையும், அதே மாதம் 22-ந் தேதி இரவு மேலணையில் ஒன்பது மதகுகளை வெள்ளம் அடித்துப்போனதையும் சிறுவர்கூட அறிவார்கள்.

இப்போது என் குற்றத்தைச் சொல்லுகிறேன். 2022 ஆகஸ்டு வெள்ளத்தில் நம் படகு நன்றாய் உழைத்தது. தண்ணீர் வடிந்த மாலையில் இளைஞர் அதைச் சேறும் சகதியுமாய்க் கரையில் இழுத்துப் போட்டு, "சாமி, இப்பவே கழுவிடலாமா?" என்று கேட்டார்கள். களைத்திருந்த பிள்ளைகள்மேல் இரக்கங்கொண்டு, "நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம், போய்ச் சாப்பிடுங்கள்" என்றேன். அப்படியே மடித்து உள்ளே வைத்தார்கள். அந்த "நாளை" இரண்டு வருஷமாயிற்று.

2024 ஆகஸ்டுத் தொடக்கத்தில், கொள்ளிடத்தில் உயர் அழுத்த மின்கோபுரமே சாய்ந்து விழுந்த அந்த நாட்களில், கரையோர வாழைத்தோட்டத்தில் ஒரு கிழவரும் அவர் மருமகளும் கொட்டகைக் கூரைமேல் அகப்பட்டுக்கொண்டார்கள். படகை விரித்தோம். மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கறுப்புப் பூஞ்சணம் பிடித்திருந்தது. மூக்குப் பக்கத்தை எலி தின்றிருந்தது. எஞ்சினோ கயிற்றை இழுத்து இழுத்துக் கை சிவந்ததே தவிர இருமக்கூட இல்லை. தீயணைப்பு மீட்புத் துறையாரின் படகு வந்து இருவரையும் காப்பாற்றியது, சர்வேசுரனுக்கு ஸ்தோத்திரம். அவர்கள் வருவதற்கு முக்கால் மணி நேரமாயிற்று. அந்த முக்கால் மணி நேரமும் நான் கரையில் நின்றிருந்தேன்.

ஆகையால் படகை எப்படி வைக்கவேண்டும் என்று கேட்டுக் கற்றுக்கொண்டேன். குருமடத்தில் எனக்கு லத்தீனும் தத்துவமும் போதித்தார்கள். கார்புரேட்டரைப் போதித்தவர் காந்தி மார்க்கெட் பக்கத்து மெக்கானிக் ஒருவர். இரண்டாவது பாடமே எனக்குக் கடினமாயிருந்தது.

கடற்கரையில் படகுக்குச் சத்துரு உப்பு. நமக்கு மணலும் வண்டலும். அடிப்பலகைகளைக் கழற்றாமல் மேலே மட்டும் தண்ணீர் ஊற்றுவது வீண்வேலை. பலகைக்கும் காற்றுக்குழாய்க்கும் இடையே தங்கின மணல், ஆள் ஏறி இறங்கும்போதெல்லாம் உப்புத்தாளைப்போல் தேய்த்து, உள்ளிருந்தே துணியை அறுக்கிறது. நோவே பெட்டகம் செய்தபோது உள்ளும் புறமும் கீல் பூசும்படி கட்டளை பெற்றாரே, வெளியே மட்டும் பூசினால் போதாதோ என்று சிறுவயதில் நான் யோசித்ததுண்டு. நம் படகின் அடிப்பலகையைத் தூக்கிப் பார்த்த நாளில் அந்தச் சந்தேகம் தீர்ந்தது.

கழுவச் சாதாரண சோப்புத் தண்ணீர் போதும். பெட்ரோலும் தின்னரும் கூடவே கூடாது. நிழலில் உலர்த்தவேண்டும். நம் ஊர் வெயிலில் இறுக்கமாய்க் காற்றடைத்த படகைப் போட்டால் உள்ளே காற்று விரிந்து ஒட்டு விட்டுப்போகும். குழாய்க்கு மூன்றரை பவுண்டு அழுத்தமே அதிகம். லாரி டயருக்கு அடிக்கிற கம்ப்ரஸரைக் கொண்டுவர யோசனை சொல்லுகிறவர்கள் தயவுசெய்து தூரமாய் நிற்கட்டும்.

காற்றடைத்து ஓரிரவு வைத்து, மறுநாள் அதே குளிர்ந்த நேரத்தில் பார்த்தால் தளர்ச்சி தெரியும். ஒட்டுகளிலும் வால்வுகளிலும் சோப்பு நுரை தடவினால் ஓட்டை தானே குமிழியிட்டுக் காட்டிக்கொடுக்கும். நம்முடையது பி.வி.சி. துணி. சைக்கிள் கடைச் சொல்யூஷன் அதில் நிற்காது. அதற்குரிய பசையைத்தான் வாங்கவேண்டும். ஒட்டியபின் ஒரு முழுநாள் அதைத் தொடக்கூடாது. மடிப்புக்குள் ஒரு துளி ஈரமும் இல்லாதபடி துடைத்துப் பவுடர் தூவி, தளர்த்தியாய் மடித்து, தரையில் படாமல் பரண்மேல் வைத்தால் எலிக்கும் கரையானுக்கும் கொஞ்சம் தூரமாகும். பக்கத்தில் அரிசி மூட்டை வைப்பது எலியை விருந்துக்கு அழைப்பதுபோலாம். (அன்னதானக் குழுவினர் கவனிக்க.)

எஞ்சினைத் தண்ணீர் நிறைந்த பீப்பாயில் இறக்கியே ஓட்டவேண்டும். வறட்சியாய் ஓட்டினால் தண்ணீர் இறைக்கிற ரப்பர்ச் சக்கரம் சீக்கிரமே கருகிவிடும். சேறு கழுவப்பட்டதும் பெட்ரோல் குழாயைக் கழற்றி, தானாய் நிற்கும்வரை ஓடவிட்டு, கார்புரேட்டரில் மிஞ்சியதையும் வடித்துவிடவேண்டும். 2024-ல் நம்மைக் காலைவாரியது அங்கே பிசினாய்ப் போன பழைய பெட்ரோல்தான். இப்போது பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள். 2025-ல் அது நூற்றுக்கு இருபது பங்காயிற்று. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஆகவே டாங்கியில் ஒரு லிட்டரும் மிச்சம் வைக்கவேண்டாம். நம்முடையது நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினாகையால் பெட்ரோலில் எண்ணெய் கலவாது. மிஞ்சினதை உபதேசியார் தம் ஸ்கூட்டரில் ஊற்றிக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார், மிகுந்த சந்தோஷத்தோடு.

கியர் ஆயிலைத் திறந்து பாருங்கள். பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். பெரும்பாலும் காரணம் புரொப்பெல்லருக்குப் பின்னால் சுற்றிக்கொண்ட வலைநரம்பு. கண்ணுக்குத் தெரியாமல் சீலை அறுத்துவிடும். கழற்றிப் பார்த்தால் ஒழியத் தெரியாது. பிளக் துவாரத்தில் சில சொட்டு எண்ணெய் விட்டு, கயிற்றை இரண்டு தரம் மெதுவாய் இழுத்து, எஞ்சினை நிமிர்த்தியே நிறுத்தவேண்டும், படுக்கவைக்கலாகாது.

வருகிற ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் கோயிலுக்குப் பின்புற வேப்பமர நிழலில் படகை விரிக்கிறோம். 2022-ல் படகோட்டின இளைஞர் எல்லாரும் வரவேண்டும். தாய்மார் பழைய பருத்தித் துணி இருந்தால் கொடுத்தனுப்புங்கள். நைலான் துணி ஈரம் குடிக்காது. ஏற்கெனவே இரண்டு வாளியும் ஒரு குழாயும் சேர்ந்திருக்கின்றன. அடிப்பலகையைக் கழற்றுகிற வேலையை மட்டும் எனக்கு விட்டுவையுங்கள்.