கணக்கு உங்களுக்கு வரும்!

"கணக்கு எனக்கு வராதுங்க." துபாயிலும் ஷார்ஜாவிலும் தோஹாவிலும் மேற்படிப்புப் பேச்சை எடுத்தாலே நம் பிள்ளைகளிடமிருந்து முதலில் வரும் பதில் இதுதான். எம்பிஏ படிக்க ஆசை இருக்கிறது. கையில் ஏழெட்டு வருட அனுபவம் இருக்கிறது. ஜிமேட் என்ற நுழைவுத் தேர்வின் பெயரைக் கேட்டதும் குரல் இறங்கிவிடுகிறது. இந்த ஒரே வாக்கியத்தை நம்பி எத்தனை பேர் அதே மேஜையில், அதே பதவியில் தங்களை நிறுத்திவைத்திருக்கிறார்கள்! அந்த வாக்கியத்தின் மேல் எனக்குக் கோபமே வருகிறது. அது பொய்!

பொய் என்பதற்கு உங்களையே சாட்சிக்கு அழைக்கிறேன். அமீரகத்தில் வேலை பார்க்கும் யாரிடமும் கிராஜுவிட்டி பற்றிக் கேட்டுப் பாருங்கள். முதல் ஐந்து வருடத்துக்கு, வருடத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம்; அதற்கு மேல் வருடத்துக்கு 30 நாள். ஏழு வருடம் முடித்தவர் பேனா எடுக்காமலே சொல்வார்: 105-ம் 60-ம் சேர்த்து 165 நாள். அடிப்படை 3,000 திர்ஹம் என்றால் நாளுக்கு 100, கைக்கு வர வேண்டியது 16,500. ஓவர்டைம் பகலில் ஒன்றேகால் பங்கு, இரவு பத்து மணிக்கு மேல் ஒன்றரைப் பங்கு என்று மாதக் கடைசியில் பேஸ்லிப்பைச் சரிபார்ப்பதும் நீங்கள்தான். எக்ஸ்சேஞ்சில் ரேட் பத்துக் காசு ஏறினால் ஊருக்குப் போகும் பணத்தில் எவ்வளவு கூடும் என்று வரிசையில் நின்றபடியே சொல்வதும் நீங்கள்தான். சதவீதம், விகிதம், நிபந்தனைக்கு ஏற்ப மாறும் விதி. நுழைவுத் தேர்வு கேட்பதும் இவற்றைத்தான்.

ஜிமேட்டின் கணக்குப் பகுதியில் இப்போது 21 கேள்விகள், 45 நிமிடம். எண்கணிதமும் இயற்கணிதமும் மட்டுமே. வடிவியலை எடுத்தே விட்டார்கள். இன்னொரு நுழைவுத் தேர்வான ஜிஆர்இ-யில் வடிவியல் உண்டு. 27 கேள்விகளுக்கு 47 நிமிடம், திரையிலேயே கால்குலேட்டரும் தருகிறார்கள். இரண்டிலும் முக்கோணவியல் கிடையாது, நுண்கணிதம் கிடையாது. 7-ஐ 2025-ஆம் அடுக்குக்கு உயர்த்தினால் வரும் எண்ணின் கடைசி இலக்கம் என்ன? பார்த்ததும் மலைப்பாக இருக்கிறதா? 7, அடுத்து 49, அடுத்து 343, அடுத்து 2401. கடைசி இலக்கம் 7, 9, 3, 1 என்று நான்கு அடுக்குக்கு ஒருமுறை திரும்பி வருகிறது. 2025-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 1. ஆகவே விடை 7. தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் 'எண்களும் தொடர்வரிசைகளும்' என்ற பாடத்தில் இதே மீதிக் கணக்குதான் இருக்கிறது. அரசுப் பள்ளியில், தமிழ் வழியில் படித்தவர் முன்னாலும் இந்தக் கதவு திறந்தே கிடக்கிறது.

பிறகு ஏன் தவறுகிறோம்? அவசரத்தால். கேள்வி தயாரிப்பவர் உங்கள் அறியாமையை நம்பிக் கேள்வி எழுதுவதில்லை. உங்கள் அவசரத்தை நம்பி எழுதுகிறார். ஷார்ஜாவிலிருந்து துபாய்க்குக் காலையில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் நெரிசலில் ஊர்ந்து போகிறீர்கள். அதே வழியில் 60 கிலோமீட்டர் வேகத்தில் திரும்புகிறீர்கள். சராசரி வேகம் என்ன? மனம் உடனே 45 என்று கத்தும். விடைப் பட்டியலில் 45 கட்டாயம் இருக்கும், உங்களுக்காகவே வைத்திருப்பார்கள். தூரம் 30 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். போக ஒரு மணி, வர அரை மணி. அறுபது கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம் என்றால் சராசரி 40. அல் இத்திஹாத் சாலையில் தினமும் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு, மெதுவாகப் போகும் நேரம்தான் நாளை விழுங்குகிறது என்பதை யாராவது சொல்லித்தர வேண்டுமா?

ஜிமேட்டில் இன்னும் கடுமையானது ஒன்று உண்டு: தந்த தகவல் போதுமா என்று மட்டும் கேட்கும் கணக்கு. x, y-ஐ விடப் பெரியதா? முதல் தகவல்: x-இன் வர்க்கம் y-இன் வர்க்கத்தை விடப் பெரியது. இது போதும் என்று தோன்றும். x மைனஸ் 3, y 2 என்று வைத்தால் வர்க்கம் 9-ம் 4-ம். ஆனால் x சிறியது. முதல் தகவல் விழுந்தது. இரண்டாவது தகவல்: x ஒரு மிகை எண். இது மட்டும் y பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்: x மிகை எண், அதன் வர்க்கமும் பெரியது, ஆகவே x நிச்சயம் பெரியது. சேர்ந்தால் போதும், தனித்தனியே போதாது. ஒவ்வொரு முறையும் ஒரு குறை எண்ணையும், சுழியத்தையும், ஒரு பின்னத்தையும் போட்டுச் சோதிக்கும் பழக்கம் வந்துவிட்டால் இந்த வகைக் கணக்கின் பல் பிடுங்கப்பட்டுவிடும்.

அந்தப் பழக்கம் எப்படி வரும்? இங்கேதான் நம்மில் பலர் தோற்கிறோம். கணக்கு புரியவில்லை என்றதும் விடைப் பக்கத்தைப் புரட்டுகிறோம், யூடியூபைத் திறக்கிறோம். அதில் வரும் ஆசிரியர் போடுவதைப் பார்த்துத் தலையாட்டுகிறோம். பார்த்துப் புரிந்துகொள்வது வேறு, தானாகப் போடுவது வேறு. ஒரு கணக்கோடு இருபது நிமிடமாவது தனியாக மல்லுக்கு நில்லுங்கள். காகிதத்தில் எழுதுங்கள், அடியுங்கள், மறுபடி எழுதுங்கள். தோற்றால் மட்டும் விடையைப் பாருங்கள். பார்த்தபின் நோட்டை மூடி வைத்துவிட்டு வெற்றுத் தாளில் மறுபடி போடுங்கள். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை.

தவறிய கணக்குகளுக்கென்றே ஒரு நோட்டு வையுங்கள். அதில் விடையை எழுதுவது முக்கியமில்லை. எந்தத் தவறான விடை உங்களை இழுத்தது, ஏன் இழுத்தது என்று ஒரே வரியில் எழுதுங்கள். 'கேள்வியில் முழு எண் என்று சொல்லவில்லை, நானாக நினைத்துக்கொண்டேன்.' 'கேட்டது சதவீத உயர்வு, நான் கண்டது வித்தியாசம்.' இருபது முப்பது பக்கம் சேர்ந்ததும் புரட்டிப் பாருங்கள். திரும்பத் திரும்ப நான்கைந்து தவறுகளையே செய்திருப்பீர்கள். எந்தப் பயிற்சி வகுப்பும் உங்களுக்கு இந்தப் பட்டியலைத் தர முடியாது.

தேர்வு அறையில் வேறொரு துணிச்சல் வேண்டும். ஜிமேட் கணக்குப் பகுதியில் ஒரு கேள்விக்குக் கிடைப்பது சராசரியாக இரண்டு நிமிடமும் சுமார் ஒன்பது நொடியும். சரியாகப் போடப் போட அடுத்த கேள்வி கடினமாகும். கடினமாகிறது என்றால் நன்றாக எழுதுகிறீர்கள் என்று பொருள், பதறாதீர்கள்! பிடிபடாத கேள்வியை ஊகித்து விட்டு நகருங்கள். குறித்துவைத்துக் கடைசியில் திரும்பி வந்து, பகுதிக்கு மூன்று விடைகள் வரை மாற்ற அனுமதி உண்டு. வீட்டில் பிடிவாதம், தேர்வில் விட்டுக்கொடுத்தல். இரண்டும் வேண்டும்.

நேரம் எங்கே என்று கேட்பீர்கள். நியாயம்தான். பெட் ஸ்பேஸில் ஆறு பேருக்கு நடுவே, பத்து மணிக்கு விளக்கை அணைக்கச் சொல்லும் அறையில் படிப்பது எளிதில்லை. துபாய் அல் ஜதாஃபில் 2022-இல் திறந்த முகமது பின் ராஷித் நூலகம் இருக்கிறது. ஷார்ஜாவில் 'ஞான இல்லம்' இருக்கிறது. வார விடுமுறையில் அரை நாள் அங்கே போய் உட்காருங்கள். வேலை நாளில் மூன்று கணக்கு போதும், ஆனால் மூன்றும் முழுதாக.

கணவரின் விசாவில் வந்து, பொறியியல் பட்டத்தைப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் தங்கைகளுக்கும் சொல்கிறேன். குழந்தைக்கு வாய்பாடு சொல்லித்தரும் அதே மேஜையில் உங்கள் ஜிஆர்இ நோட்டும் இருக்கட்டும். ஐந்து வருட இடைவெளி உங்கள் மூளையை எதுவும் செய்துவிடவில்லை. மதிப்பெண் ஐந்து ஆண்டு செல்லும். இன்று எழுதி, குழந்தை பள்ளிக்குப் போனபின் விண்ணப்பிக்கலாம்.

வார்த்தைக் கணக்கு நமக்கு அந்நியமா? ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத்தில் அல் குவாரிஸ்மி எழுதிய இயற்கணித நூலின் ஒரு பெரிய பகுதி சொத்துப் பங்கீட்டுக் கணக்குகள். நம் காரி நாயனாரின் கணக்கதிகாரம், காம்பைச் சுற்றியுள்ள முள்ளை எண்ணிப் பலாப்பழத்தின் சுளையைக் கணக்கிடச் சொல்லித்தருகிறது. இந்த அரபு மண்ணுக்கும் உங்கள் மண்ணுக்கும் புதிர்க்கணக்கு புதிதே இல்லை.

வாய்ப்பும் வாசலுக்கே வந்துவிட்டது. இன்சியாட் வணிகப் பள்ளிக்கு அபுதாபியில் வளாகம் இருக்கிறது. ஐஐஎம் அகமதாபாத் 2025 செப்டம்பரில் துபாயில் வளாகம் திறந்து ஓராண்டு எம்பிஏ நடத்துகிறது. ஊருக்குத் திரும்ப விரும்பினால் ஹைதராபாத்தில் ஐஎஸ்பி வணிகப் பள்ளி இருக்கிறது. இவை ஜிமேட்டையோ ஜிஆர்இ-யையோ பார்க்கின்றன. ஒருமுறை சறுக்கினால் ஜிமேட்டை 16 நாள் கழித்து மறுபடி எழுதலாம். பன்னிரண்டு மாதத்தில் ஐந்து முறை வரை.

நான்கு மாதம் தள்ளி ஒரு தேதியை இன்றே பதிவு செய்யுங்கள். பணம் கட்டுங்கள். இரவு படுக்கப் போகுமுன் முதல் மூன்று கணக்குகளைப் போட்டுவிடுங்கள்.