நிலத்தடி நீரும் நமது தர்மமும்

ஆறில்லாத யாழ்ப்பாணத்திற்குச் சுண்ணக்கற் பாறை தேக்கி வைக்கும் மாரி மழையே சீவநாடி. இணுவிற் செம்பாட்டுத் தோட்டங்களிற் புகையிலையும் மரக்கறியும் விளைவது அந்நீரால். எம்பெருமானுக்கு அபிஷேகமாவதும் அந்நீரே.

காணிக்கு வேலி உண்டு. நிலத்தடி நீருக்கு இல்லை. அயலூராம் சுன்னாகத்தில் மின்னுற்பத்திக் கழிவெண்ணெய் கிணறுகளிற் கலந்ததை 2014, 2015ஆம் ஆண்டுகளில் அறிந்து கலங்கினோம். 2019இல் உயர் நீதிமன்றம் நட்டஈடு வழங்கப் பணித்தது.

அங்கே தவறு பிறருடையது. நாம் அளவுக்கு மிஞ்சி இடும் யூரியாவின் நைத்திரேற்றும் அதே பாறை வெடிப்புகளூடாகவே இறங்குகிறது. அயல்வீட்டுக் குழந்தைக்குப் பால்மா கரைப்பது அத்தண்ணீரில் அல்லவா? தோட்டம் செழித்தாற்றான் குடும்பம் வாழும், உண்மையே. ஆயினும் விளைச்சல் நமக்கு, நஞ்சு அயலுக்கு என்பது அறமாகுமா?

பசளையை அளந்து இடுவோம். மாட்டெருவையும் குழையையும் மறவாதிருப்போம். பேரப்பிள்ளைகளுக்குத் தூய கிணற்றை விட்டுச் செல்வதும் சிவதொண்டே.